அம்பர் என்றால் ஆகாயம் இல்லை

வடக்கே கதரைப் பற்றிப் பேச்சு வந்தால் 'அம்பர் சர்க்கா' என்ற பெயரும் கூடவே வரும். அம்பர் என்றால் இந்தியில் ஆகாயம். என் அலுவலக நண்பர் ஒருவர், "ஆகாயம் மாதிரி எல்லாருக்கும் பொதுவான ராட்டை, அதனால்தான் அந்தப் பெயர்" என்று ஒரு தத்துவ விளக்கமே கொடுத்தார். "அதெல்லாம் இல்லை சார், அது எங்க ஊர்க்காரர் பெயர்" என்றேன். அவர் நம்பவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்காது என்பதால் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

1929-ல் காந்தியின் அகில இந்திய சர்க்கா சங்கம் ஒரு போட்டி அறிவித்தது. பரிசு ஒரு லட்ச ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! நிபந்தனைகளும் லேசுப்பட்டவை அல்ல. ராட்டை எடை குறைவாக, குடிசையில் வைத்து இயக்கும்படி இருக்க வேண்டும். ஒரு பெண் அதிகம் களைக்காமல் எட்டு மணி நேரம் ஓட்ட முடியவேண்டும். அந்த எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் வரவேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. 20 வருடம் உழைக்க வேண்டும். பரிசை யாராலும் வாங்க முடியவில்லை.

ஏன் அவ்வளவு கஷ்டம்? பழைய ராட்டைக்கு ஒரே ஒரு கதிர். ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, மறு கை பஞ்சுப் பட்டையை இழுக்கும். நூல் எவ்வளவு மெலிய வேண்டும் என்று முடிவு செய்வது விரல்கள்தான். கதிர்களைக் கூட்டலாம், விரல்களைக் கூட்ட முடியாதே!

காந்தி மறைந்த மறு வருடம், 1949-ல், திருநெல்வேலிப் பக்கத்து ஏகாம்பரநாதன் இதற்கு ஒரு வழி கண்டார். விரல் செய்கிற வேலையை உருளைகளிடம் கொடுத்தார். ஜோடி ஜோடியாக உருளைகள். பின்னால் இருக்கும் ஜோடி மெதுவாகச் சுற்றும், முன்னால் இருப்பது வேகமாகச் சுற்றும். இடையில் மாட்டிய பஞ்சு தானாகவே இழுபட்டு மெலியும். அதன்பின் கதிரைச் சுற்றியுள்ள வளையம் முறுக்கு ஏற்ற, நூல் சுற்றிக்கொள்ளும். இது அவர் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. பஞ்சாலைகளில் இதே முறையில்தான் நூற்கிறார்கள். ஆனால் மின்சாரமும் பெரிய கட்டடமும் கேட்கிற அந்த யந்திரத்தின் சாரத்தை எடுத்து, ஒரு கை சுற்றும் அளவுக்குச் சுருக்கியதுதான் அவருடைய சாதனை. இந்த அம்பர் சர்க்காதான் நான்கு கதிர்களோடு நாடெங்கும் பரவியது.

நூற்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கூலி சிட்டக் கணக்கில்தான். சிட்டம் கூடினால்தான் அடுப்பு எரியும்.

1955-ல் கார்வே கமிட்டி, கைத்தறிக்கு வேண்டிய நூலை அம்பர் சர்க்காவில் நூற்கலாம் என்ற யோசனைக்கு ஆதரவு தந்தது. 1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில், கனரகத் தொழில்களுக்குப் பணம் போக, வேலைவாய்ப்புக்குக் கிராமத் தொழில்களை நம்பினார்கள். அந்தப் பாரத்தின் ஒரு பகுதி இந்த மர ராட்டையின் தலையில் விழுந்தது. அதே வருடம் இதை ஆராய அரசு தனியாக ஒரு குழுவும் போட்டது. பொருளாதார அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அப்போது இளைஞராக இருந்த அமர்த்தியா சென், 1960-ல் வந்த தன் முதல் புத்தகத்தில் அம்பர் சர்க்காவுக்கென்றே ஒரு குறிப்பு எழுதினார். கணக்கு சர்க்காவுக்குச் சாதகமாக இல்லை. செலவைக் கழித்தால் மிச்சம் நிற்காது என்பது அவர் கட்சி.

சென் சொன்னது கணக்கு. கிராமத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. பட்டையில் ஓரிடம் தடித்திருந்தால் விரல் உணர்ந்து சரிசெய்துவிடும். உருளைக்கு அது தெரியாது, நூல் அறுந்துவிடும். ஆகவே பஞ்சைச் சுத்தம் செய்து கொட்ட ஒரு கருவி, ஒரே சீராகப் பட்டை இழுக்க இன்னொரு கருவி என்று சர்க்காவோடு சேர்ந்து ஒரு செட்டே தேவைப்பட்டது. உருளை தேய்ந்தால் மாற்றித் தர ஆள் வேண்டும். நூலை வாங்கிக்கொள்ள ஒரு ஸ்தாபனமும் வேண்டும். இதில் எது இல்லாவிட்டாலும் நல்ல யந்திரம் மூலையில்தான் கிடக்கும்.

என் எண்ணம் இதுதான். ஏழைக்குப் பயன்படும் கருவியைக் கண்டுபிடிப்பவரைக் கொண்டாடுகிறோம், பத்திரிகையில் போட்டோ போடுகிறோம். அதற்கப்புறம் ரிப்பேர் செய்பவரைப் பற்றி யோசிப்பதில்லை. ஏகாம்பரநாதன் தன் பங்கை ஒழுங்காகவே செய்தார். மற்றவர்கள் செய்யவேண்டிய பங்குதான் பல இடங்களில் பாக்கி.

ஆனாலும் அவர் தோற்கவில்லை. பின்னால் அதே உருளை முறையில் ஆறு கதிர், எட்டுக் கதிர் உள்ள இரும்புச் சர்க்காக்கள் வந்தன. இன்றும் கதர் நிலையங்களில் ஓடுகிற பல கதிர் சர்க்காக்கள் அந்த வம்சம்தான்.

பெயரில்தான் பாதி காணாமல் போயிற்று. ஏகமும் போனது, நாதனும் போனது, நடுவில் அம்பர் மட்டும் மிஞ்சியது. திருப்பாவை படித்தவர்களுக்குத் தெரியும், நம் பழந்தமிழில் அம்பரம் என்றால் ஆடை. ஆகாயத்தைவிட இந்த அர்த்தம் அவருக்கு நன்றாகவே பொருந்துகிறது.