ஓட்டை எங்கே போடுறது? ஒரு பௌலிங் பந்தின் கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டிருந்தீங்க, "மால்ல வீக்கெண்டுக்குப் போய் உருட்டிட்டு வர்ற பௌலிங்குக்கு என்னங்க வரலாறு?"ன்னு. இருக்கு. அதுவும் பந்துல இருக்கிற மூணு ஓட்டைக்குள்ளேயே இருக்கு.

முதல்ல என் கதை. நான் சுருளிப்பட்டிக்காரன். அருவிக்குப் போற வழியில திராட்சைப் பந்தல் பார்த்திருப்பீங்களே, அந்த ஊர். எங்க வீட்டுல "ஓட்டை போடுறது"ன்னா ஒரே அர்த்தம்தான், போர். அப்பா அடிக்கடி சொல்வார்: "போர்வண்டிக்காரன் ஒரு ராத்திரியில ஓட்டையப் போட்டுட்டுப் போயிருவான். எங்க போடுறதுங்கறதுதான்டா வேலை." பக்கத்துத் தோட்டத்துல தண்ணி வந்துச்சுன்னு அதே வரப்பை ஒட்டி அவரும் ஒரு போர் போட்டார். புழுதிதான் வந்துச்சு. அந்தக் கடனை அடைக்க மூணு வருஷம் ஆச்சு.

சென்னைக்கு வேலைக்கு வந்தப்புறம் எனக்கு பௌலிங் பைத்தியம் பிடிச்சுது. சம்பளத்துல சேர்த்து வச்சு சொந்தமா ஒரு பந்து வாங்கினேன். கடையில வாங்குற புதுப் பந்துல ஓட்டையே இருக்காது, முழு உருண்டைதான் வரும். உங்க கைக்கு ஏத்த மாதிரி நீங்கதான் துளை போட்டுக்கணும். நான் என்ன பண்ணேன்? வீடியோவுல ஒரு அமெரிக்க ஆட்டக்காரர் போட்டிருந்த அதே லேஅவுட்டை அப்படியே போடச் சொன்னேன். அப்பா பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து போர் போட்ட மாதிரியே. அது என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன்.

1895: ரெண்டு சம்பவம்

1895 செப்டம்பர் 9. நியூயார்க்கில் அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் என்ற அமைப்பு தொடங்கப்படுகிறது. அதுவரைக்கும் ஊருக்கு ஒரு விதி. இவங்க வந்துதான் எல்லாருக்கும் ஒரே அளவுன்னு கொண்டு வந்தாங்க. பந்தோட எடை 16 பவுண்டுக்கு மேல போகக் கூடாது, சுற்றளவு 27 அங்குலம்.

கிட்டத்தட்ட ஒரு மாசம் கழிச்சு, 1895 அக்டோபர் 10. சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு பெரியாறு அணையைத் திறந்து வைக்கிறார். மேற்கே கடலுக்குப் போய்க்கிட்டிருந்த தண்ணியை கிழக்கே எங்க கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பினது பென்னிகுவிக் கட்டின சுவர் மட்டும் இல்ல. மலையைக் குடைஞ்சு போட்ட, கிட்டத்தட்ட ஒரு மைல் நீளச் சுரங்கமும்தான். அந்த ஓட்டை கொஞ்சம் மேல இருந்தா, தண்ணியை அந்த உயரத்துக்கு ஏத்த அணையையும் உயர்த்திக் கட்டணும். ஓட்டை எங்கேங்கிறதை வச்சுத்தான் மத்ததெல்லாம்.

இந்த ரெண்டு சம்பவத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா பந்துக் கதை முழுக்க இதே கேள்விதான் வரும், அதனால சொன்னேன்.

மரம், ரப்பர், அப்புறம் ரசாயனம்

ஆரம்பத்துல பந்துகள் லிக்னம் வீட்டே என்கிற கனமான மரத்துல செஞ்சது. ரெண்டே ஓட்டை, பெருவிரலுக்கு ஒண்ணு, நடுவிரலுக்கு ஒண்ணு. மரம் அடிவாங்கும், விரியும், உருண்டை கெடும். 1905-ல ரப்பர் பந்து வந்துச்சு. 1914-ல பிரன்ஸ்விக் கம்பெனி "மினரலைட்" பந்தைக் கொண்டு வந்தது. அதுக்கப்புறம் பல பத்தாண்டுகள் ரப்பர் ராஜ்ஜியம்தான்.

அந்தக் காலத்துல துளை போடுறவருக்கு ஒரே கவலை, பிடி சரியா இருக்கணும். ஆனா மூணு ஓட்டை போட்டா அந்தப் பக்கம் எடை குறையுமே? அதை ஈடுகட்ட உள்ளே, லேபிளுக்குக் கீழே, கனமான ஒரு கட்டி வச்சாங்க. இங்கதான் சிலருக்குப் பொறி தட்டுச்சு. லேபிளுக்கு நேரா போடாம கொஞ்சம் தள்ளிப் போட்டா, ஒரு பக்கம் எடை கூடுதலா நிக்கும். பந்தோட போக்கை அதை வச்சு மாத்தலாம்னு நினைச்சாங்க. விதி போடுறவங்க சும்மா இருப்பாங்களா? பக்கவாட்டுல 1 அவுன்ஸ், மேலே 3 அவுன்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம் இருக்கலாம்னு கோடு போட்டாங்க.

1973-ல இன்னொரு கூத்து. டான் மெக்கூன்னு ஒரு ஆட்டக்காரர், பந்தை ஒரு ரசாயனத்துல ஊற வச்சு மேல்தோலை மென்மையாக்கினார். மென்மையான தோல் தரையை நல்லா கவ்வும். அந்த வருஷம் ஆறு பட்டம், ஆண்டின் சிறந்த வீரர் விருது, எல்லாம் அவருக்குத்தான். அதுக்கப்புறம் பந்தோட கடினத்துக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வந்துடுச்சு. 80-களின் தொடக்கத்தில் யூரிதேன், 90-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் என்று மேல்தோல் மாறிக்கொண்டே போனது.

உள்ளே என்ன இருக்கு?

அடுத்த திருப்பத்துக்குப் பேர் மோ பினெல். வேதியியல் படிச்சவர். தோலை விட உள்ளே இருக்கிற கோர்தான் முக்கியம்னு பிடிவாதமா சொன்னவர்கள்ல ஒருத்தர். ஒழுங்கான வடிவத்துக்குப் பதிலா கோணலான, ஒருபக்கம் நகர்ந்த கோர்களை வடிவமைச்சார். 2021-ல கொரோனாவுல இறந்துட்டார்.

அவர் சொன்னதை எளிமையா இப்படிப் புரிஞ்சுக்கலாம். லேன்ல எண்ணெய் பூசியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பந்தோட அதே இடம் தரையில பட்டா அங்க எண்ணெய் ஒட்டிக்கும், அப்புறம் வழுக்கும். உள்ளே கோர் சாஞ்சிருந்தா பந்து சுத்துற அச்சு மெல்ல இடம் மாறும். ஒவ்வொரு சுற்றிலும் காய்ஞ்ச, புது இடம் தரையில படும். பிடிப்பு கூடும், பந்து வளையும். இதைத்தான் ஃப்ளேர்னு சொல்றாங்க. உருட்டின பந்தைத் துடைக்காம பாருங்க, எண்ணெய்க் கோடுகள் ஒரு இடத்துல நெருங்கியும் ஒரு இடத்துல விரிஞ்சும் இருக்கும்.

அப்போ லேஅவுட்னா என்ன? ரெண்டு புள்ளி. ஒண்ணு, கோரோட தலை எங்கேன்னு காட்டுற சின்ன கலர்ப் பொட்டு, அதுக்குப் பேர் பின். கம்பெனிக்காரங்களே வச்சு அனுப்புவாங்க. இன்னொண்ணு, நீங்க விடும்போது பந்து எந்த அச்சுல சுத்துதோ அந்த அச்சு வெளியே வர்ற இடம். அதுக்குப் பேர் பிஏபி. உலக உருண்டைக்கு வட துருவம் மாதிரி. இது ஒவ்வொரு ஆளுக்கும் வேற. கைரேகை மாதிரின்னே வச்சுக்கங்க.

இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்? பூஜ்யமா இருந்தாலும், சுற்றளவுல கால்வாசியான 6¾ அங்குலமா இருந்தாலும், ஃப்ளேர் ரொம்பக் குறைவு. சரி பாதியில, 3⅜ அங்குலத்துல, அதிகம். இதோட ரெண்டு கோணத்தையும் சேர்த்து எழுதுறதுதான் மோ பினெல் பரப்பின இரட்டைக் கோண முறை.

முன்னெல்லாம் தப்பாப் போனா நாலாவதா ஒரு ஓட்டை போட்டு சரிக்கட்டுவாங்க. எடையைச் சமன் செய்ய வந்த அந்த ஓட்டை, போகப் போக பந்தோட போக்கையே திருகுற கருவியா ஆயிடுச்சு. 2020 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க அமைப்பு அதைத் தடை பண்ணிடுச்சு. விரல் வைக்காத ஓட்டை இருக்கவே கூடாது. பதிலுக்கு, எந்தப் பக்கமும் 3 அவுன்ஸ் வரை வித்தியாசம் இருக்கலாம்னு தளர்த்தினாங்க. அதனால இப்போ முதல் முடிவுக்கு மதிப்பு இன்னும் கூடிடுச்சு.

என் பந்து

இப்போ என் கதைக்கு வர்றேன். நான் காப்பியடிச்சது 3⅜ அங்குல லேஅவுட். அதிகபட்ச ஃப்ளேர். ஆனா அந்த அமெரிக்கரோட பிஏபி அவருடையது. எனக்கு எங்கேன்னு நான் அளக்கவே இல்ல. நான் ஆடுற மால் லேன்ல எண்ணெயும் குறைவு. பந்து பாதி வழியிலேயே வளைஞ்சு, பின்கிட்ட போறதுக்குள்ள சோர்ந்துடும். எண்ணெய்க் கோடு விரல் ஓட்டை மேலயே ஓடி, உருளும்போது "டக்டக்"னு சத்தம் வேற.

ரெண்டாவது பந்து வாங்கினப்ப துளை போடுற அண்ணன் ஒரு வெள்ளை டேப் துண்டைக் கொடுத்தார். "முதல்ல இதை ஒட்டி உருட்டுங்க தம்பி." டேப் ஆடாம ஒரே இடத்துல நிக்கிற வரைக்கும் நகர்த்தி நகர்த்தி ஒட்டினோம். பதினைஞ்சு தடவை உருட்டினப்புறம் நின்னுச்சு. பிடியோட நடுவுல இருந்து வலப்பக்கம் 5 அங்குலம், மேலே அரை அங்குலம். அதுதான் நான். ஆறு வருஷம் ஆடியும் எனக்கே தெரியாத ஒரு விஷயம்.

பின்னை மோதிரவிரலுக்கு மேல வச்சு, பிஏபியில இருந்து 5 அங்குலத்துல போட்டோம். ஃப்ளேர் குறைவு, பந்து நேரா போய் கடைசியில திரும்பும். முதல் கேம் 168. பெரிய ஸ்கோர் இல்ல. தமிழ்நாட்டுக்காக பலமுறை தேசிய சாம்பியன் ஆன ஷபீர் தன்கோட்டுக்கெல்லாம் இது மோசமான நாள் ஸ்கோர். ஆனா சத்தம் இல்ல, பந்து எங்கே போகும்னு எனக்குத் தெரிஞ்சுது.

பழைய பந்தையும் தூக்கிப் போடல. ஓட்டையை ரெசின் ஊத்தி அடைச்சு திரும்பத் துளை போடலாம். பந்துக்கு அந்த வசதி இருக்கு. அப்பாவோட தோட்டத்துக்கு இல்ல.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அப்பா புதுசா இன்னொரு போர் பத்திப் பேசினார். பக்கத்துக்காரருக்கு நானூறு அடியில தண்ணியாம். நான் டேப் கதையைச் சொன்னேன். பூமிக்குள்ள மின்சாரம் செலுத்தி, மண்ணும் பாறையும் அதை எவ்வளவு தடுக்குதுன்னு அளந்து பார்க்கிற சோதனை இருக்கு, முதல்ல அதைப் பண்ணுவோம், காசு நான் தர்றேன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "பந்துக்கே பதினைஞ்சு தடவை பார்த்தியா?"ன்னு கேட்டார்.

சோதனைக்கு ஆள் அடுத்த வாரம் வர்றாங்க. தண்ணி இருக்குமான்னு தெரியாது. இந்தத் தடவை எங்க நிலத்தை அளந்துட்டுப் போடுவோம். அவ்வளவுதான் இந்த எபிசோட். அடுத்த வாரம் பார்ப்போம்.