கோட்டையும் கச்சேரியும்

வெப்பமண்டலக் கரையோரத்தில் அரச கட்டிடம் அமைப்போர் பகையையும் வெயிலையும் மழையையும் ஒருங்கே எதிர்கொள்ளல் வேண்டும். மட்டக்களப்புக் கோட்டை இதற்குத் தக்க சான்றாகும். 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பிய அக்கோட்டைக்கு இருபுறம் வாவியும் இருபுறம் அகழியும் அரணாயின. எனினும், 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூட்டுச்சேர்ந்த ஒல்லாந்தரிடம் அது வீழ்ந்தது. நாட்டரசனின் பகையைத் தேடிக்கொண்டோரை நீரரண் காக்கவில்லை. ஒல்லாந்தர் அதனைத் திருத்திக் கட்டினர். பிற்காலத்தில் கச்சேரி அதனுள்ளே நெடுங்காலம் இயங்கியது. தடித்த சுவர்கள் வெப்பத்தைத் தணித்தன. தூண்கள் தாங்கிய விறாந்தைகள் சாரலைத் தடுத்து, வாவிக் காற்றை உள்ளே விட்டன. முதலில் பத்தாண்டே தாங்கிய அரண், மனுக்களோடு மக்கள் வந்துசெல்லும் இடமான பின்னர் தலைமுறைகளாகப் பயன்பட்டது. எனவே, அரச கட்டிடத்தின் காவலை மதிலின் கனத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது.