பாறை அசைவதற்கு முன்

சென்னையில் ‘உழைப்பாளர் சிலை’ என்பது பலருக்கும் ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர். அதை வடித்தவர் யாரென்று கேட்டால், நாவல்களையும் கவிதைகளையும் கரைத்துக் குடித்த நண்பர்கள்கூட விழிக்கிறார்கள். சொல்லைக் கொண்டாடும் நாம் வெண்கலத்தைக் கவனிப்பதில்லை.

அவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. 1899-இல் இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் பிறந்தவர். ஓவியத்தை அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். 1929-இல் சென்னைக் கலைப்பள்ளிக்கு வந்து, அதன் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியரானார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கேயே பணியாற்றினார். கே. சி. எஸ். பணிக்கரும் தனபாலும் அவருடைய மாணவர்கள். வேட்டை, புல்லாங்குழல், வங்காளிச் சிறுகதைகள் என அவருக்குப் பல முகங்கள் உண்டு; அவற்றை விரித்தால் கட்டுரை திசைமாறும். மல்யுத்தத்தை மட்டும் விட்டுவிட இயலாது. பாரத்தைத் தாங்கும் உடலில் எந்தத் தசை எங்கே இறுகும் என்பது ஏட்டறிவாக மட்டும் அவருக்கு வாய்த்திருக்க முடியாது.

1959-இல் மெரினாவில் நிறுவப்பட்ட அச்சிலையின் பெயர் ‘உழைப்பின் வெற்றி’. ஆனால் அதில் வெற்றி எங்கே? நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் பெயர்க்க முனைகிறார்கள். பாறை இன்னும் அசையவில்லை. ரோதேனின் பாதிப்பு அவரிடம் உண்டென்பர், இருக்கலாம். எனினும், முடிவைக் காட்டாமல் முயற்சியின் உச்சக்கணத்தில் நிறுத்திய துணிவு அவருடையதே. 1942-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஏழு மாணவர்களுக்காக அவர் பாட்னாவில் எழுப்பிய நினைவுச் சின்னமும் ஒரு குழுவின் சிற்பமே. எனக்கு அதைவிட இதுவே உயர்ந்ததாகப் படுகிறது. இங்கே தியாகிகள் இல்லை, பெயர்கள் இல்லை. வேலை மட்டுமே இருக்கிறது.

1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியதும் இந்நகரக் கடற்கரையில்தான். ஆகவே சிலை தக்க இடத்திலேயே நிற்கிறது. ஆயினும் அந்த உடல்களின் சொந்த ஊர் வடசென்னை என்றே எனக்குத் தோன்றும். இராயபுரத்தில் மூட்டை சுமந்தவர்களும், காட்டுப்பள்ளிக் கரையில் தோள்கொடுத்துப் படகைத் தள்ளியவர்களும் அப்படித்தான் வளைந்து நின்றார்கள். 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப்பெட்டக முனையம் வந்தது. பின்னர் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் எழுந்தது. சுமை பாரந்தூக்கிகளுக்கு மாறியது. இன்றைய மாணவனுக்கு அந்த உடல்மொழியைப் பாடமாகவே விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த நால்வரில் ஒரு பெண் இல்லை. மீன்கூடை சுமந்த தலைகளைக் கடற்கரை நகரில் முப்பதாண்டு வாழ்ந்த சிற்பி பார்த்திராமலா இருப்பார்?

1975-இல் அவர் மறைந்தபோது, தில்லிக்கான தண்டி யாத்திரைச் சிற்பத்தொகுதி முற்றுப்பெறாமல் இருந்தது. எஞ்சிய பணியைப் பிறர் முடித்துவைத்தார்கள்.