விலாக் குருத்தெலும்பு அழற்சி

விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கும் குருத்தெலும்பிலும் அதன் பொருத்துகளிலும் நோவை உண்டாக்கும் நிலையே விலாக் குருத்தெலும்பு அழற்சி. மருத்துவர்கள் இதைக் கொஸ்டோகொன்ட்ரைட்டிஸ் என்பர். இலங்கையின் பாடநூல்களில் குருத்தெலும்பு, கசியிழையம் என்ற பெயரில் இடம்பெறும். இந்நோயால் உயிராபத்து இல்லை. பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆனால் நோவு தோன்றும் இடம் நெஞ்சு என்பதால், மாரடைப்போ என்ற பயத்தோடுதான் பலர் வைத்தியசாலைக்கு வருகிறார்கள். அந்தப் பயத்தை அலட்சியப்படுத்த முடியாது. இதயமும் நுரையீரலும் காரணமல்ல என்று தெளிந்த பின்னரே நெஞ்சு நோவுக்கு இந்தப் பெயரைச் சொல்லலாம்.

உடலமைப்பு

மனிதருக்கு 12 சோடி விலா எலும்புகள் உள்ளன. முதல் 7 சோடிகள் தத்தம் குருத்தெலும்பின் மூலம் நெஞ்செலும்பை நேராகச் சென்றடைகின்றன. 8, 9, 10ஆம் சோடிகளின் குருத்தெலும்பு மேலே உள்ள குருத்தெலும்போடு சேர்கிறது. கடைசி இரண்டு சோடிகளுக்கும் முன்புற இணைப்பு இல்லை. முதலாவது விலா நெஞ்செலும்போடு அநேகமாக அசைவின்றிப் பிணைந்திருக்க, 2 முதல் 7 வரையானவை சிறு மூட்டுகளால் பொருந்தியுள்ளன. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூடு மேலெழுந்து விரிவது இம்மூட்டுகளின் அசைவாலும் குருத்தெலும்பின் வளைந்து கொடுக்கும் தன்மையாலும்தான்.

ஒருவர் ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். நோவுள்ள முழங்காலை நீட்டி வைத்து ஓய்வு கொடுக்கலாம். நெஞ்சுக்கூட்டுக்கு அப்படி ஓய்வு கொடுக்க வழியில்லை. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டமும் குறைவு. ஆறுவதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் எடுப்பது இதனால்தான்.

காரணங்கள்

பலரிடம் குறிப்பான காரணம் எதுவும் அகப்படுவதில்லை. அகப்படும்போது அது பெரும்பாலும் நெஞ்சுக்கூட்டுக்கு விழுந்த வேலையாகவே இருக்கும்: நாட்கணக்கில் நீடித்த கடும் இருமல், பழக்கமில்லாத பாரம் தூக்கல், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்திச் செய்யும் வேலை, திடீரெனத் தொடங்கிய உடற்பயிற்சி, நெஞ்சில் பட்ட அடி. முள்ளந்தண்டைப் பாதிக்கும் அழற்சி வாதம், சொரியாசிஸ் சார்ந்த மூட்டுவாதம், முடக்குவாதம், உடலெங்கும் நோவு தரும் பைப்ரோமயல்ஜியா ஆகியவற்றின் பகுதியாகவும் இது வரலாம். கிருமித் தொற்றால் வருவது அரிது. நெஞ்சைத் திறந்து செய்த சத்திரசிகிச்சைக்குப் பின்னர் அதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பாரம் தூக்கலால் இது வருவதற்கு அக்குறணையை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அது ஒரு வணிக ஊர். கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ9 பாதையில், ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. கடும் மழையில் பிங்கா ஓயா பெருகிக் கடைவீதிக்குள் புகுவது இங்கே பழகிப்போன துன்பம். தண்ணீர் ஏறும் அவசரத்தில் துணிக்கட்டுகளையும் மூட்டைகளையும் மேல் தட்டுக்கும் மாடிக்கும் ஏற்றுவதும், வடிந்த பின் சேற்றை வாரிக் கழுவுவதும் நெஞ்சுத் தசைகளையும் விலாப் பொருத்துகளையும் ஒருசேர வருத்தும் வேலைகள். அப்படிப்பட்ட ஒரு நாளுக்கு அடுத்த நாள் காலையில், இருமினாலும் திரும்பிப் படுத்தாலும் நெஞ்சில் குத்தினால் இந்நோயையும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அதே பாரமும் அதே பதற்றமும் அடைபட்டிருக்கும் இதயக் குழாயையும் சோதிக்கும் என்பதை மறக்கலாகாது.

அறிகுறிகள்

நோவு பெரும்பாலும் 2 முதல் 5 வரையான விலாக்களின் முன்பகுதியில், ஒரு பக்கத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட பொருத்துகளில் இருக்கும். கூர்மையாகக் குத்தலாம், மந்தமாக அழுத்தலாம். ஆழ்ந்து மூச்செடுத்தல், இருமல், தும்மல், உடலைத் திருப்புதல், கையால் ஊன்றி எழுதல் ஆகியவை அதைக் கூட்டும். தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்போது கைகளில் விழும் பாரம் நெஞ்சுக்குப் போவதால் அந்தக் கணத்தில் நோவைச் சிலர் உணரலாம். 40 வயதைக் கடந்தவர்களிடமும் பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பதின்ம வயதினருக்கும் வருவதுண்டு.

நோவுள்ள இடத்தில் வீக்கமும் இருந்தால் அது டீட்சே நோய்க்குறியாக இருக்கலாம். ஜெர்மானிய சத்திரசிகிச்சை நிபுணர் அலெக்சாண்டர் டீட்சே 1921இல் இதை விவரித்தார். இது அரிதானது, இளம் வயதினரிடம், வழக்கமாக 2ஆம் அல்லது 3ஆம் விலாவின் ஒரே பொருத்தில் தோன்றும்.

கண்டறிதல்

இந்நோயை உறுதிசெய்யத் தனியான இரத்தப் பரிசோதனை இல்லை. வைத்தியரின் விரல்தான் முதற் கருவி. நெஞ்செலும்பின் ஓரமாக ஒவ்வொரு பொருத்தையும் அவர் விரல் நுனியால் அழுத்திக்கொண்டே வருவார். ஓரிடத்தில், “இதுதான், இதே நோவுதான்” என்று நோயாளி சொல்வார். வெறுமனே அழுத்திய இடம் நோவது போதாது. அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்த அதே நோவு மீண்டும் எழ வேண்டும். கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பார்ப்பதும் உண்டு.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் நெஞ்சு நோவோடு வந்தவர்களை ஆராய்ந்து 1994இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு விலாக் குருத்தெலும்பு அழற்சி காணப்பட்டது. ஆயினும் அவர்களிலும் சிலருக்கு மாரடைப்பு இருந்தது. அழுத்தினால் நோகிறது என்பதை மட்டும் வைத்து இதயத்தை விட்டுவிட முடியாது என்பதே இதன் பாடம். எனவே 35 வயதைக் கடந்தவர்களுக்கும், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், புகைபிடித்தல், குடும்பத்தில் இதயநோய் போன்ற பின்னணி உள்ளவர்களுக்கும் ஈ.சி.ஜி. எடுக்கப்படுகிறது. தேவைக்கேற்ப, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் செய்யப்படும். இலங்கை அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களில் இதயக் குழாய் அடைப்பு நோய் நெடுங்காலமாக முன்னணியில் நிற்பதால் இங்கே இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும்.

நெஞ்சு நோவை “காஸ்” (வாயு) என்று சொல்லி இஞ்சித் தண்ணீரோடு இரவைக் கழிப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது போன்ற நோவு, இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதியாமல் 1990ஐ அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். இச்சேவை இலவசமானது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் மாரடைப்பு பெரிய நோவின்றியும் வரலாம். அக்குறணைப் பகுதியினருக்கு விசேட இதய சிகிச்சை கண்டி தேசிய வைத்தியசாலையில் கிடைக்கிறது.

காய்ச்சலும் சளியும் சேர்ந்தால் நியூமோனியா, ஒரு காலில் வீக்கத்தோடு திடீர் மூச்சுத் திணறல் வந்தால் நுரையீரலில் இரத்தக் கட்டி, ஒரு பக்கமாகப் பட்டைபோல் எரிந்து பின் கொப்புளம் தோன்றினால் அக்கி என வேறு காரணங்களும் உண்டு.

சிகிச்சை

இதயம் நலமாக இருக்கிறது என்று தெளிவாகச் சொல்வதே சிகிச்சையின் முதற் படி. பயம் தணிந்தாலே பலருக்கு நோவின் கடுமை குறைகிறது. நோவைத் தூண்டும் வேலையைச் சில வாரங்கள் தள்ளிவைத்து, நாளுக்குச் சில தடவை மிதமான சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். தைலம் பூசுவதில் தவறில்லை; ஆனால் நோகும் பொருத்தை அழுத்தித் தேய்த்து உருவினால் நோவு கூடும். இருமலே காரணமானால் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

பரசிட்டமோல் போதுமானால் அதோடு நிறுத்துவது நல்லது. வளர்ந்தவர் ஒருவர் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை ஒரு வேளைக்கு எடுக்கலாம்; 24 மணித்தியாலத்தில் 8 குளிசைகளைத் தாண்டக்கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் எடை மிகக் குறைந்தவர்களும் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகள் கூடுதல் பயன் தரலாம். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதயநோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் இவற்றை வாங்கக்கூடாது. இவற்றை வெறும் வயிற்றில் எடுப்பதும் நல்லதல்ல. நோன்பு காலத்தில் நோன்பு திறந்து உணவு உண்ட பின்னர் எடுக்கும்படி வேளையை வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். காய்ச்சல் இருந்தால் இவற்றைத் தொடவே கூடாது: டெங்காக இருந்தால் இரத்தக் கசிவு மோசமாகும்.

இவ்வளவுக்கும் அடங்காத நோவுக்கு, பொருத்தருகே மரத்துப்போகும் மருந்தையும் ஸ்டெரொய்டையும் ஊசியாக ஏற்றுவதுண்டு. கடும் நோவு தணிந்த பின், கதவு நிலையின் இருபுறமும் கைகளை ஊன்றி மெல்ல முன்சாய்ந்து நெஞ்சுத் தசைகளை நீட்டும் பயிற்சி உதவும். தொழுகையில் குனிந்தெழ முடியாத நாட்களில் மார்க்கம் தரும் சலுகைப்படி கதிரையில் அமர்ந்து தொழலாம்.

போக்கு

பெரும்பாலானோருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் நோவு அடங்குகிறது; சிலருக்கு ஓராண்டைத் தாண்டியும் விட்டுவிட்டு வரலாம். மூட்டுகளில் காலை விறைப்பு, நீண்டகால முதுகு நோவு, தோல் செதிலுரிதல் ஆகியவை உடனிருந்தால் வாத நோய் நிபுணரிடம் காட்ட வேண்டும். முன்பு இந்நோய் என்று சொல்லப்பட்டவருக்கு அடுத்து வரும் ஒவ்வொரு நெஞ்சு நோவும் அதுவாகவே இருக்க வேண்டும் என்றில்லை. நோவின் தன்மை மாறினால், நடக்கும்போது வந்து நின்றால் அடங்கினால், புதிதாக வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் முதலிலிருந்தே பரிசோதிக்க வேண்டும்.