முழுநாள் படிப்புக்கு அரைப்பேர்

மலையகத்தில் 'பேர்' என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் செக்ரோலில் ஒரு பேர். எடை குறைந்தால் அரைப்பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றது முழுநாள்தான், ஆனால் கணக்கில் பாதி.

எங்கள் தோழி ஒருத்தி இந்தியாவில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியபோது இந்தச் சொல்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. அங்கே ஐந்து பாடம் எழுதினாள், ஐந்திலும் பாஸ். இங்கே அவளுடைய பல்கலைக்கழகம் இரண்டைத்தான் ஏற்றுக்கொண்டது. மற்ற மூன்றும் "எங்க சிலபஸோட ஒத்துவராது" என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்றையும் மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. இன்னொரு ஆறு மாதம் போர்டிங் காசு. அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தார். "படிச்சது முழுநாள், போட்டது அரைப்பேர்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாணவர் பரிமாற்றம் என்றதும் விமானமும் போட்டோவும்தான் நம் கண்முன் வருகின்றன. ஆனால் உலகத்தின் மிகப் பெரிய பரிமாற்றத் திட்டம் பிறந்ததே இப்படியொரு அவமானத்தில்தான். 1950களின் கடைசியில் சோபியா கொராதி என்ற இத்தாலிய சட்ட மாணவி புல்பிரைட் புலமைப்பரிசிலில் அமெரிக்காவுக்குப் போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினார். ரோமுக்குத் திரும்பியதும் அவருடைய பல்கலைக்கழகம் அந்தப் படிப்பைக் கணக்கில் எடுக்க மறுத்தது. ஊர் சுற்றிவிட்டு வந்தவர் போல அவரை நடத்தியது. கொராதி அதை விடவில்லை. 1969இலிருந்து மனு, அறிக்கை, கூட்டம் என்று அலைந்தார். 1987இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியது. முதல் வருடம் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். இரண்டு வருடம் கழித்து, 1989இல், படித்ததை ஒரே அளவுகோலில் எண்ணும் கிரெடிட் முறையும் பரீட்சார்த்தமாக வந்தது. முதலில் ஆளை அனுப்பினார்கள், அனுப்பிய பிறகுதான் கணக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று புரிந்தது.

நம்ம பக்கம் இந்தக் கதை இன்னும் பழையது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாக வந்த இருவரும் யாழ்ப்பாணத்தார்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. வட்டுக்கோட்டையில் கற்ற கல்வியோடு கடல் தாண்டிப்போன அவர்களைச் சென்னையின் பரீட்சை அங்கீகரித்தது. அதே காலத்தில் அதே கடலை எதிர்ப்பக்கமாகத் தாண்டி, கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள் எங்கள் முன்னோர். அவர்களுக்குத் தெரிந்த பயிர்த்தொழில், வைத்தியம், கூத்து எதையும் யாரும் எண்ணவில்லை. எண்ணியது இரண்டை மட்டும்: கையையும் கடனையும்.

கடனை எண்ண ஒரு தாள் இருந்தது. அதன் பெயர் 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் துரை துண்டு கொடுக்க வேண்டும். இவ்வளவு கடன், இதைக் கட்டினால் ஆளை விடலாம் என்று அதில் இருக்கும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது.

அதற்குப் பிறகும் தாள்தான் எங்களைத் தீர்மானித்தது. 1948 குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு ஏது பாஸ்போர்ட்? வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி நினைத்தே பார்க்க முடியாது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. தலைகளை எண்ணினார்கள், அந்தத் தலைக்குள் இருந்த படிப்பை யாரும் எண்ணவில்லை. இலவசக் கல்வி 1945இல் வந்தும், ஐந்தாம் வகுப்போடு நின்ற தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1970களில்தான். மிச்சமிருந்த நாடற்றோருக்கும் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் வந்தது 2003இல். எங்களில் பலர் பிறந்ததே அதற்குப் பிறகுதான்.

அதனால்தான் கிரெடிட் என்பதை நாங்கள் வெறும் நிர்வாக விஷயமாகப் பார்ப்பதில்லை. ஒருவர் என்ன சம்பாதித்தார் என்று சொல்லி அவரோடு பயணம் செய்யும் தாள் அது. துண்டின் தலைகீழ்.

ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு வருடப் படிப்பு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம். ஐரோப்பாவில் வருடத்துக்கு 60, ஒன்றுக்கு 25 முதல் 30 மணித்தியாலம். இந்தியாவின் புதிய சட்டகத்தில் வருடத்துக்கு 40, ஒன்றுக்கு 30 மணித்தியாலம். இந்தியாவில் அரை வருடம் படித்து 20 கிரெடிட் வாங்கிய பிள்ளைக்கு இங்கே எத்தனை? அரை வருடத்துக்கு அரை வருடம் என்று பார்த்தால் 15. மணித்தியாலத்தைப் பெருக்கி வகுத்தால் 12. இரண்டுமே நியாயமான கணக்குத்தான். எந்தக் கணக்கு என்று போகும் முன்பே முடிவாகாவிட்டால், வந்த பிறகு கவுண்டரில் இருப்பவர் முடிவு செய்வார்.

எராஸ்மஸ் மாணவர் புறப்படும் முன்பே மூன்று கையெழுத்து விழுகிறது: அவருடையது, அனுப்பும் பல்கலைக்கழகத்தினுடையது, ஏற்கும் பல்கலைக்கழகத்தினுடையது. எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம் என்று அதில் இருக்கும். அங்கேயும் எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. தானாகவே அங்கீகாரம் கிடைக்க 2025ஐ இலக்காக வைத்து 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னொரு பரிந்துரை போட வேண்டியிருந்தது. ஆனாலும் கையில் அந்தத் தாள் இருப்பவர் கெஞ்சத் தேவையில்லை, கேட்கலாம்.

"தரம் முக்கியமில்லையா, எல்லாத்தையும் கண்ண மூடிட்டு ஏத்துக்கணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். தரத்தைப் போகும் முன் பாருங்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள், பரீட்சை எப்படி என்று விசாரியுங்கள், ஒத்துவராத பாடத்தை அப்போதே வெட்டுங்கள். படித்து முடித்து வந்த பிறகு வெட்டுவது தரக்கட்டுப்பாடு அல்ல. கொழுந்தை எடுத்து முடித்த பிறகு தராசை மாற்றுகிற வேலை அது.

வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு செமஸ்டரை இழந்தால் அது ஒரு அனுபவம். லயத்துப் பிள்ளைக்கு அது தம்பியின் ட்யூஷன் காசு. ஆகவே புலமைப்பரிசில் விண்ணப்பத்தோடு நிற்கும் தம்பி தங்கைகளிடம் நாங்கள் சொல்வது ஒன்றுதான். விசாவுக்கு அலையும் முன் உங்கள் பீடத்துக்குப் போய், "நான் திரும்பி வந்தா இதுல எத்தன பாடத்துக்கு முழுப்பேர் போடுவீங்க?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.