அடிமனை நகரத்துக்கு, ஹேங்கர் தனியாருக்கு: அமெரிக்கச் சிறு விமானத் தளங்களில் குத்தகை முறையின் வளர்ச்சி

அமெரிக்காவில் சிறிய விமானம் வைத்திருப்பவர் அதை நிறுத்தும் ஹேங்கரையும் சொந்தப் பணத்தில் கட்டியிருப்பதுண்டு. ஆனால் ஹேங்கர் நிற்கும் மண் பெரும்பாலும் நகராட்சிக்கோ மாவட்ட நிர்வாகத்துக்கோ உரியது. கோயில் நிலத்தில் அடிமனை வாடகை கட்டி வீடு எழுப்பிக்கொண்ட குடும்பங்களை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். மண் ஒருவருக்கும் கட்டடம் இன்னொருவருக்கும் என்ற இந்த இரட்டை உடைமை திட்டமிட்டு உருவாக்கப்பட்டதன்று. ஓடுபாதைக்குப் பணம் கொடுத்த கூட்டாட்சி அரசு, ஹேங்கருக்குக் கொடுக்காமல் விட்டதால் படிப்படியாக விளைந்தது. அப்படி விட்டதன் சுமை கடைசியில் குத்தகைதாரர் தலையில்தான் இறங்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் உலகப் போருக்குப் பின் படை கழித்துவிட்ட பழைய விமானங்களை மலிவாக வாங்கிய விமானிகள் ஊர் ஊராகப் பறந்து சாகசம் காட்டினர். கிடைத்த மேய்ச்சல் நிலத்தில் இறங்கினர். 1926இல் வந்த வான்வழி வணிகச் சட்டம் விமானிக்கு உரிமம், விமானத்துக்குப் பதிவு என ஒழுங்கு கொண்டுவந்தது. அதன் பின் பலர் ஏதாவது ஒரு களத்தில் நிலைத்து, எரிபொருள் விற்று, பழுதுபார்த்து, பறக்கக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கத் தொடங்கினர். அதே சட்டம் வழிகாட்டு விளக்குகளை அமைக்கும் பொறுப்பைக் கூட்டாட்சி அரசுக்குத் தந்தபோதே, விமான நிலையம் கட்டும் வேலையை அதற்கு விலக்கியும் வைத்தது. ஆகவே நிலம் வாங்கும் பொறுப்பு நகரங்களிடம் வந்தது. இரட்டை உடைமையின் முதல் பாதி இங்கே தொடங்குகிறது.

1938ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலக்கை நீக்கியது. கூட்டாட்சிப் பணம் செலவான தளத்தில் எவருக்கும் தனியுரிமை தரக்கூடாது என்றும் விதித்தது. 1946இன் கூட்டாட்சி விமான நிலையச் சட்டம் மானியத்தைத் தொடர் ஏற்பாடாக்கியது. மானியம் ஓடுபாதைக்கு வந்தது, விளக்குகளுக்கு வந்தது. வாடகை ஈட்டித் தரும் ஹேங்கரோ நெடுங்காலம் அதற்கு வெளியிலேயே நின்றது. பெரிய பயணியர் சேவை இல்லாத தளங்கள் தம் மானியத்தில் ஒரு பகுதியை ஹேங்கருக்கும் எரிபொருள் கிடங்குக்கும் செலவிடலாம் என்ற வழி 2003இல்தான் திறந்தது.

இடைப்பட்ட காலத்தில் நகரங்கள் செய்தது ஒன்றுதான். வெறும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டன. கட்ட வேண்டியவர் கட்டிக்கொண்டார். சிறு விமானங்களுக்கு மிகவும் பரவலானது 'டி' வடிவ ஹேங்கர் வரிசை. இறக்கை விரியும் முன்பக்கம் அகலமாகவும் வால் நுழையும் பின்பக்கம் ஒடுக்கமாகவும் ஒவ்வோர் அறையும் அமையும். ஓர் அறையின் வால் பகுதி, முதுகுப்புறத்து வரிசையில் உள்ள இரண்டு வால் பகுதிகளுக்கு இடையே செருகி நிற்கும். ஒரே கூரையின் கீழ் அதிக விமானங்களை அடக்கும் சிக்கனமான அமைப்பு இது. தகரமும் எஃகும் கொண்ட கட்டடம்தான் என்றாலும் கட்டுபவர் கடன் வாங்க வேண்டும். கடன் தருபவர் குத்தகை எத்தனை ஆண்டு என்றுதான் முதலில் கேட்பார். கடன் அடைய 30 முதல் 35 ஆண்டு போதும், 50 ஆண்டைத் தாண்டினால் நிலத்தையே கைமாற்றியதாகக் கொள்ளலாம் என்பது கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் நிலைப்பாடு. கெடு முடிந்ததும் கட்டடம் நில உடைமையாளரையே சேரும் என்ற ஷரத்து இத்தகைய பத்திரங்களில் வழக்கமாக உண்டு. நகரத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை: பொது நிலம் என்றென்றைக்கும் ஒரு கைக்குள் அடைபடக்கூடாது. ஆனால் தன் செலவில் கூரை மாற்றி, கதவு மாற்றிப் பராமரித்தவர் கெடு முடிந்த மறுநாள் அதே கட்டடத்துக்கு வாடகைதாரர் ஆகிறார். கெடு நெருங்கும் ஆண்டுகளில் பழுது பார்க்க அவருக்கு மனம் வருமா?

மானியம் பெற்ற நகரங்களையும் நிபந்தனைகள் கட்டின. 1982இன் சட்டமும் அதன் திருத்தங்களும் விமான நிலைய வருவாயை விமான நிலையத்துக்கே செலவிட வேண்டும் என்றன. விமானப் பயன்பாட்டுக்கு நியாயமான கட்டணம் போதும்; பிற பயன்பாட்டுக்குச் சந்தை மதிப்பில் வாடகை வாங்க வேண்டும். எனவே ஹேங்கருக்குள் என்ன இருக்கிறது என்பதே பெரிய கேள்வியாயிற்று. விமானத்துக்கு இடமின்றிப் பலர் காத்திருக்க, உள்ளே படகும் வீட்டுச் சாமானும் கிடந்த தளங்கள் இருந்தன. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2016இல் வெளியிட்டு, 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கொள்கை இதைத் தெளிவாக்கியது. விமானத்துக்கு இடைஞ்சல் இல்லாத மற்றப் பொருள்கள் இருக்கலாம். வணிக நோக்கமின்றி சொந்தக் கையால் விமானம் கட்டுவதும் விமானப் பயன்பாடே. இது நல்ல முடிவு.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒன்றாக வெளிப்பட்ட இடம் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா. 1924இல் உலகைச் சுற்றிய முதல் விமானங்கள் உருவான ஊர் அது. 1935 டிசம்பர் 17 அன்று டிசி-3 விமானம் முதன்முதலாகப் பறந்ததும் அங்கிருந்துதான். போர்க்காலத்தில் தளத்தைக் குத்தகைக்கு எடுத்த கூட்டாட்சி அரசு 1948இல் ஓர் உடைமை மாற்றப் பத்திரத்தோடு நகரத்திடம் திருப்பித் தந்தது. பின்னாளில் ஜெட் விமானங்கள் பெருகின. ஓடுபாதையை ஒட்டி வீடுகள். இரைச்சலும் ஈயம் கலந்த எரிபொருளின் புகையும் அவற்றில் வாழ்ந்தவர்களை வாட்டின. அவர்கள் எழுப்பிய குரலை வெறும் தொந்தரவாகத் தள்ளிவிட முடியாது.

தளத்தை மூட நகரம் எடுத்த முயற்சிக்குப் பின் 1984இல் கூட்டாட்சி அரசோடு ஏற்பட்ட உடன்பாடு 2015 வரை தளத்தைக் காத்தது. அது முடிந்ததும் நகரம் கையில் எடுத்த கருவி குத்தகைதான். நெடுங்காலக் குத்தகைகள் புதுப்பிக்கப்படாமல் மாத வாடகையாகச் சுருங்கின. 2016இல் எரிபொருள், பயிற்சி நிறுவனங்களுக்கு வெளியேற்ற அறிவிப்பும் போனது. அச்சேவைகளைத் தானே நடத்துவதாக நகரம் சொன்னது. தனியுரிமைத் தடை, தளத்தின் உடைமையாளர் தானே நேரடியாகச் சேவை தருவதைத் தடுப்பதில்லை. ஓடுபாதையைத் தொடாமலே ஒரு விமானத் தளத்தை வற்றச் செய்யலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2017 ஜனவரியில் ஏற்பட்ட சமரசத்தின்படி ஓடுபாதை 4,973 அடியிலிருந்து 3,500 அடியாகக் குறுகியது. 2028 டிசம்பர் 31க்குப் பின் நகரம் தளத்தை மூடிக்கொள்ளலாம்.

குத்தகைக் கெடு முடிந்தால் ஹேங்கர் என்னவாகும் என்ற இந்தக் கேள்வி இப்போது நம் பக்கமும் வந்திருக்கிறது. இந்திய விமான நிலைய ஆணையம் 2020இன் தளர்த்தப்பட்ட கொள்கைப்படி, விமானப் பயிற்சி நிறுவனங்களிடம் வருவாய்ப் பங்கு வாங்குவதைக் கைவிட்டு நில வாடகையையும் குறைத்தது. அந்தக் கொள்கையின் கீழ் 2022இல் பயிற்சி நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்ட ஐந்து விமான நிலையங்களில் சேலமும் ஒன்று. அங்கே பயிற்சி நிறுவனம் எழுப்பும் ஹேங்கர் கெடு முடியும்போது யாருக்குச் சேரும், என்ன இழப்பீடு, புதுப்பிக்க மறுத்தால் எத்தனை மாத அவகாசம் என்பவை பத்திரத்திலேயே பொதுமக்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட வேண்டும்.