பாதிரியாரின் பட்டறை

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போதே தெருக் குழந்தைகளின் கையில் தகரத் துப்பாக்கி முளைத்துவிடும். சிவப்புக் காகிதச் சுருளை அதற்குள் வைத்து விசையை இழுத்தால் 'பட்' என்று ஓர் ஓசை, ஒரு சிட்டிகைப் புகை. தீப்பெட்டி வேண்டாம், திரி வேண்டாம். ஓர் அடி விழுந்தால் போதும், நெருப்புப் பிறந்துவிடுகிறது. துப்பாக்கி வாங்கிக் கொடுக்க ஆளில்லாத குழந்தை அதே பொட்டு வெடியைக் கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் குத்துகிறது. அதற்கும் அதே ஓசை, அதே சந்தோஷம்.

அடித்தால் வெடிக்கும் என்ற இந்தச் சின்ன விஷயத்தை நிஜத் துப்பாக்கிக்குள் கொண்டுபோய் வைத்தவர் யார்? சேனாதிபதியா, ஆயுதச் சாலை நிபுணரா? இரண்டு பேரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரசங்க மேடையில் ஏறி, பிறரிடம் அன்பாக இருங்கள் என்று உபதேசம் செய்துவந்த ஒரு கிராமத்துப் பாதிரியார்!

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், அபர்தீன் நகரத்துக்குச் சற்று வடக்கே பெல்ஹெல்வி என்று ஓர் ஊர். 1768-ல் பிறந்த அலெக்ஸாண்டர் ஜான் பார்சைத், 1791-ல் தம் தந்தை வகித்த அதே பாதிரியார் பதவிக்கு அந்த ஊரிலேயே வந்து சேர்ந்தார். சிறிய ஊர், சிறிய சபை. ஆகையால் ஓய்வு நிறைய. அந்த ஓய்வை மூன்று ஆசைகள் பங்கு போட்டுக்கொண்டன. ஒன்று ரசாயனம். இன்னொன்று இரும்பு வேலை. தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். மூன்றாவது வேட்டை. கடலோரத்து நீர்நிலைகளில் காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் ஊர் அது.

வாத்துகளால்தான் தொல்லையும் வந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கி சிக்கிமுக்கிக் கல்லால் வேலை செய்வது. விசையை இழுத்தால் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும் குதிரை பாய்ந்து எஃகுத் தகட்டை உரசும், பொறி பறக்கும், பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் தூவி வைத்த மருந்து குப்பென்று பற்றும், அந்த நெருப்பு ஒரு துளை வழியாக உள்ளே போய்க் குழாயிலுள்ள மருந்தைப் பற்றவைக்கும், அதற்குப் பிறகுதான் குண்டு கிளம்பும். எழுதுவதற்கு இவ்வளவு நேரமாகிறதே தவிர, நடப்பதெல்லாம் ஒரு நொடிக்குள். ஆனாலும் வாத்துக்கு அந்த நொடி போதும். கிண்ணத்தில் எழும் வெளிச்சத்தைக் கண்டதும் தண்ணீருக்குள் முழுகிவிடும். பாதிரியாரின் குண்டு வாத்து இருந்த இடத்தைத்தான் போய்ச் சேரும்.

மற்ற வேட்டைக்காரர்களாக இருந்தால் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பார்சைத் பட்டறைக்குப் போனார்.

முதலில் வெளிச்சத்தை மறைக்க ஒரு மூடி செய்து பார்த்தார். அது சரிப்படவில்லை. அடிபட்டால் வெடிக்கும் உப்புகள் சிலவற்றை அப்போதுதான் ரசாயனிகள் கண்டுபிடித்திருந்தார்கள். பிரான்ஸ் தேசத்துப் பெர்த்தோலே 1780-களில் ஒன்றைக் கண்டார். இங்கிலாந்தில் எட்வர்டு ஹவர்டு 1800-ல் இன்னொன்றைப் பற்றி எழுதினார். ஆனால் இவற்றின் வேகம் தாங்காதது. சாதாரண வெடிமருந்துக்குப் பதிலாகக் குழாயில் போட்டால் துப்பாக்கியே வெடித்துப்போகும். ஆகவே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பெரிய மூளைகளெல்லாம் திகைத்து நின்றன.

பார்சைத்தின் யோசனை எளிமையானது. முரட்டுக் காளையை ஏரில் பூட்டினால்தானே ஆபத்து? அதை ஒரு குரல் கொடுக்க மட்டும் சொன்னால் என்ன? குழாய்க்குள் பழைய மருந்தே இருக்கட்டும். அதைத் தட்டி எழுப்ப மட்டும், கடுகளவு புது மருந்தை வெளியே வைத்து அடித்தால் போதும். அடியில் பிறக்கும் நெருப்பு ஒரு சிறு துளை வழியே நேராக உள்ளே பாயும். வெளியே வெளிச்சம் இல்லை, தாமதம் இல்லை, மழைத் தூறலில் நனையும் கிண்ணமும் இல்லை. இதற்காக அவர் செய்த பூட்டு அந்தக் காலத்து அத்தர் புட்டியைப் போல இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது. புட்டியைக் கவிழ்த்தால் கடுகளவு மருந்து துளைக்குள் விழும். நிமிர்த்தினால் அதன் மேல் ஒரு முளை வந்து நிற்கும். குதிரை முளையை அடிக்கும். வீட்டுப் பட்டறையில் அரத்தாலும் சுத்தியலாலும் இவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறாரே என்று இன்றைக்கும் கைவேலை தெரிந்தவர்கள் வியப்பார்கள்.

1806-ல் பாதிரியார் தம் பூட்டோடு லண்டனுக்குப் போனார். அப்போது ராணுவத் தளவாட இலாகாவின் தலைவர் மொய்ரா பிரபு. இவர் நமக்குப் புதியவர் அல்ல. பின்னால் ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற பெயரில் 1813 முதல் 1823 வரை இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். அவர் பூட்டின் அருமையை உணர்ந்தார். லண்டன் கோட்டைக்குள்ளேயே ஓர் அறையைக் கொடுத்து, வேலை செய்யுங்கள் என்றார். பாதிரியாரும் சபையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓராண்டு காலம் பாடுபட்டார்.

மறு ஆண்டு மந்திரி சபை மாறியது. மொய்ரா போனார், சாதம் பிரபு வந்தார். இவர் பிரதம மந்திரியாக இருந்து மறைந்த இளைய பிட்டின் அண்ணன். தம்பியின் சுறுசுறுப்பில் பாதிகூட இவருக்கு வாய்க்கவில்லை. இனி உமது சேவை தேவையில்லை, உமது குப்பைகளை எடுத்துக்கொண்டு அறையைக் காலி செய்யும் என்று பாதிரியாருக்கு உத்தரவு வந்தது. உலகத்துப் படைகளையெல்லாம் பின்னால் மாற்றப்போகும் பொருளுக்கு அரசாங்கம் வைத்த பெயர், குப்பை!

விஷயத்தைக் கேள்விப்பட்ட நெப்போலியன், ரகசியத்தைத் தந்தால் 20,000 பவுன் தருவதாகச் சொல்லி அனுப்பினான் என்றும், பாதிரியார் தேசபக்தியால் மறுத்துவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எழுதுகிறவனுக்கு அது மிகவும் பிடிக்கும். சரித்திரம் எழுதுகிறவனுக்குச் சாட்சி போதாது. ஆனால் 1807 ஏப்ரல் 11-ல் பார்சைத் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றது நிச்சயம். நீராவி யந்திரத்தின் ஜேம்ஸ் வாட் அந்தப் பத்திரத்தை எழுதுவதில் துணை செய்தார் என்பார்கள். அடுத்த ஆண்டு லண்டன் பிக்காடிலித் தெருவில் கடையும் திறந்தாயிற்று. அங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் பர்டி பின்னால் தனிக்கடை வைத்து உலகப் புகழ் பெற்றார். வேட்டைப் பிரியர்களான சீமான்கள் புதுத் துப்பாக்கியை வாங்கினார்கள். போட்டிக் கடைக்காரர்கள் யோசனையைத் திருடினார்கள். புகழ்பெற்ற ஜோசப் மாண்டன்மீதே வழக்குப் போட்டு வெல்ல வேண்டியிருந்தது. பிறகு யாரோ ஒருவர் அத்தர் புட்டியை எடுத்தெறிந்துவிட்டு, சின்னஞ்சிறு செப்புத் தொப்பிக்குள் மருந்தை அடைத்தார். நம் ஊரில் 'கேப்பு' என்று சொல்கிறோமே, அதுதான். அதைச் செய்தது நான்தான் என்று உரிமை கொண்டாடியவர்கள் பலர்.

இவ்வளவும் வேட்டைக்காரர்களுக்கு. சிப்பாய்க்கு? 1815-ல் வாட்டர்லூவில் இரண்டு தரப்பும் கல் துப்பாக்கியோடுதான் மோதின. 1834-ல்தான் உல்விச்சில் பரீட்சை நடந்தது. கல் துப்பாக்கி ஆறு, கேப்புத் துப்பாக்கி ஆறு. வெயிலிலும் மழையிலும் ஒவ்வொரு வகையாலும் 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். கல் துப்பாக்கி 922 முறை மக்கர் செய்தது. கேப்புத் துப்பாக்கி 36 முறை. இதற்குப் பிறகும் சில வருஷங்கள் யோசித்துத்தான் இலாகா மனம் இசைந்தது.

இலாகாவின் யோசனைக்கு விலை உண்டு. அந்த விலையை யார் எங்கே கொடுத்தார்கள் என்று தேடினால், பாதை நம் சென்னைக்கு வருகிறது.

1841 மே மாதம், முதல் அபினி யுத்தம். காண்டன் நகரத்துக்கு வெளியே ஆங்கிலப் படையோடு நின்றவர்களில் 37-வது சென்னைக் காலாட்படையும் இருந்தது. சென்னைப் படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என்று பலரும் சேர்ந்திருந்த காலம். சான்யுவான்லி என்ற கிராமத்தருகே, அந்நியப் படை செய்த அட்டூழியங்களைப் பொறுக்காத சீனக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். மே 30-ந் தேதி இடியும் மின்னலுமாக மழை கொட்டியது. அந்த மழையில் சென்னைச் சிப்பாய்கள் சுமார் 60 பேர், சில அதிகாரிகளோடு, மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோனார்கள்.

வயலெல்லாம் தண்ணீர். சுற்றிலும் நீண்ட ஈட்டிகள். விசையை இழுத்தால் குதிரை பாய்கிறது, கல் உரசுகிறது, நெருப்பு வரவில்லை. கிண்ணத்து மருந்து கூழாகியிருந்தது. சதுரமாக நின்று துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டிக்கொண்டு இருட்டும் வரை தாக்குப் பிடித்தார்கள். கத்தியைவிட ஈட்டி நீளம். சிலர் காயமடைந்தார்கள், உயிர்ச் சேதமும் நேர்ந்தது. கடைசியில் தேடிக்கொண்டு வந்த மரைன் படையினரின் கையில் இருந்தவை கேப்புத் துப்பாக்கிகள். அதே மழையில் அவை வெடித்தன. சிப்பாய்கள் மீண்டார்கள்.

அன்றைக்குப் பாதிரியாரின் காப்புரிமைக்கு வயது 34.

இந்த இடத்தில் யார் பக்கம் நின்று வருத்தப்படுவது என்று எனக்குத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அபினி விற்க வந்தவனுக்காகச் சுடப்போன சிப்பாயின் துப்பாக்கி நனைந்தது நல்லதுதானே என்று அந்தச் சீனக் குடியானவர்கள் கேட்டால், பதில் இல்லை. தங்கள் மண்ணில் நின்று போராடியவர்கள் அவர்கள். ஆனால் மாதச் சம்பளத்துக்காகக் கடல் கடந்துபோய், யாருடைய சண்டை என்று தெரியாமல் சேற்றில் நின்ற சென்னைச் சிப்பாயும் மனிதன்தான். தன் கையிலிருக்கும் ஆயுதத்தைவிட நல்லது ஒன்று முப்பது வருஷங்களுக்கு முன்பே லண்டனில் செய்யப்பட்டு, குப்பை என்று விரட்டப்பட்டது அவனுக்கு எப்படித் தெரியும்?

பெல்ஹெல்வியில் தம் மேடையில் நின்றுகொண்டிருந்த கிழப் பாதிரியாருக்கும் சான்யுவான்லியைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. அரசாங்கம் 1842-ல் 200 பவுன் கொடுத்தது. அவர் 1843 ஜூன் 11-ல் காலமானார். அதற்குப் பிறகு உறவினர் மூவருக்கு 1,000 பவுன் பங்கிட்டுக் கொடுத்தார்கள். செத்தவருக்குத் தாராளமாக இருப்பது எல்லா இலாகாக்களுக்கும் சுலபம்.

இப்போது லண்டன் கோட்டையில் பார்சைத்தின் பெயருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. காலி செய்யும் என்று சொன்ன அதே கோட்டையில், 1930-ல் வைத்தது. சான்யுவான்லியிலும் அந்தக் குடியானவர்களுக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், மழையில் நனைந்த துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு சென்னைச் சிப்பாய் நிற்கிறான். சரித்திரம் படிக்கும்போது அவனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்.